நாய்க்கு மேலே மாம்பழம்

இணையத்தில் தேடுகிறவர் கண்ணில் ஒரு கடையை முதலில் பட வைப்பதுதான் என் தொழில். அது என்ன தொழில் என்று விளக்குவதிலேயே பாதி ஆயுள் போய்விடுகிறது. இதே பாடு படும் சக ஜீவன்களே, தலையில் அடித்துக்கொள்ளத் தயாராகுங்கள்.

இரண்டு வழி

சேத்தூர் அண்ணாச்சி என் ராஜபாளையம் ஆபீசுக்கு வந்தார். சொந்த மாந்தோப்பு. இந்த வருஷம் கமிஷன் கடைக்குப் பழம் கிடையாது என்று வீம்பாகச் சொல்லிவிட்டு, பெட்டி போட்டு நேரடியாக வெளியூருக்கு அனுப்ப வெப்சைட் திறந்திருந்தார். விற்காவிட்டால் பழமும் அழுகும், அதே கமிஷன் கடை வாசலில் போய் நிற்கவும் வேண்டும்.

காசு கட்டி விளம்பரம் போட்டால் இன்றைக்கே மேலே வரலாம், காசு தீர்ந்தால் காணாமல் போவோம். பழத்தைப் பற்றி உருப்படியாக எழுதி வைத்தால் காசில்லாமலே மேலே வரலாம், ஆனால் மாசக்கணக்காகும். சீசன் கொஞ்ச நாள்தான், விளம்பரமே போடுங்கள் என்று தொண்டை வறளச் சொன்னேன். அவர் செல்போனில் ஊர்ப் பெயரை அடித்துப் பார்த்தார். ராஜபாளையம் என்றால் எங்கள் ஊர் நாய்தானே முதலில் வரும்?

"நல்ல பழம்னா தானா மேல வரும் தம்பி. இந்த நாய் என்ன துட்டு கட்டியா வந்துச்சு?"

முதல் போணி

எழுதி வைத்தேன். நாய் அசையவில்லை. காய் பழுக்கத் தொடங்கியதும் அண்ணாச்சி ஓடி வந்தார், விளம்பரமே போடச் சொல்லி. போட்டேன். ஒவ்வொரு முறை யாராவது அதைத் தொடும்போதும், அந்த நாளுக்கென்று கட்டிய காசு குறையும். மறுநாள் காலை வெயில் ஏறுவதற்குள் அன்றைய காசு மொத்தமும் தீர்ந்து விளம்பரம் மறைந்தது. ஆர்டர் ஒன்றுகூட இல்லை. அடுத்த நாளும் அதே கதை.

குடைந்து பார்த்தால், தொட்டவர்கள் அத்தனை பேரும் ஸ்ரீவில்லிபுத்தூர். அண்ணாச்சியின் மாமனார் ஊர்! புதுக்கடை திறந்தால் சொந்தபந்தம் போய் முதல் போணி செய்வார்கள் இல்லையா? அதை விளம்பரத்துக்கும் செய்திருக்கிறார்கள். காபி குடிக்கும் முன்பே குடும்பத்தோடு உட்கார்ந்து தொட்டிருக்கிறார்கள். அவருடைய மச்சினனுக்குப் போன் போட்டுக் கத்தினேன்.

"எங்க அக்கா வீட்டுக்காரர் பொழப்பு சார். நாங்க அமுக்காம வேற யாரு அமுக்குவா?"

பாதி வழி

சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், ஸ்ரீவில்லிபுத்தூரில் மட்டும் விளம்பரம் தெரியாதபடி செய்தேன். எங்களைத் தள்ளி வைத்துவிட்டீர்களா என்று மச்சினன் அண்ணாச்சியிடம் கோபித்துக்கொண்டார். வீட்டுக்காரம்மா அண்ணாச்சியோடு பேசுவதையே நிறுத்தினார். அதன்பிறகுதான் சென்னை, கோவை என்று ஆர்டர் வந்தது. ஆனால் அதற்குள் பாதிப் பழம் கனிந்து தோல் வெடித்திருந்தது.

அதைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு கமிஷன் கடைக்குப் போனோம். அண்ணாச்சி முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. கடைக்காரர் எழுந்து வந்து, ஒரு பழத்தை அமுக்கிப் பார்த்துச் சிரித்தார்.

"வாங்க அண்ணாச்சி. நெட்டுக்குல்ல போறேன்னு சொன்னிய, பாதி வழியில திரும்பிட்டியளோ?"

ஐப்பசி

அடைமழை. அண்ணாச்சி குடையை மடக்கிக்கொண்டு படியேறி வந்தார். உதைக்கத்தான் வருகிறார் என்று எழுந்து நின்றேன். அவர் ஊர்ப் பெயரை அடித்துச் செல்போனை நீட்டினார். நான் அன்றைக்கு எழுதி வைத்த பக்கம் முதலிடத்தில் இருந்தது. நாய் அதற்குக் கீழே. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. யாரோ மதுரைக்காரர், ரெண்டு பெட்டி மாம்பழம் வேண்டுமாம். அண்ணாச்சி சித்திரையில் கூப்பிடச் சொல்லி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நாயை முந்தியாச்சு தம்பி. மரந்தான் இன்னும் பூக்கல."

ஆகவே சக ஜீவன்களே, காசு கட்டுவதா காத்திருப்பதா என்று யாராவது கேட்டு வந்தால், இப்போதெல்லாம் நான் முதலில் விசாரிப்பது அவருடைய மச்சினனுக்கு எந்த ஊர் என்பதைத்தான்.