ராட்டினம் பார்க்கப் போன வெள்ளிக்கிழமை

முதலில் அச்சுக் கோக்கும் தம்பியிடம் மன்னிப்பு கேட்டுக்கொள்கிறேன். போன வாரம் என் எழுத்தைப் படிக்கப் பூதக்கண்ணாடி தேவைப்பட்டதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். என்ன செய்வது? டேனரியில் சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோல் புரட்டுகிற கை. விரல் நுனி தேய்ந்து பேனா வழுக்குகிறது. படித்ததோ ஐந்தாம் வகுப்பு. எழுத்துப் பிழைகள் இருக்கும். திருத்திப் போட்டுவிடுங்கள் தம்பி. வாசகர்களும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இனி விஷயம்.

முந்தாநாள் ஆம்பூர் டீக்கடையில் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர். இடுப்பில் ஒரு குழந்தை, விரலைப் பிடித்தபடி இன்னொன்று.

"அண்ணே, பட்டணத்துப் பொருட்காட்சிக்குக் கொழந்தைங்களைக் கூட்டினு போனீங்களாமே? அடுத்த வருஷம் நாங்களும் போலாம்னு இருக்கோம். எப்டிப் போறது, இன்னா எடுத்துனு போறது... எல்லாத்தையும் எழுதுங்களேன்."

நான் வழக்கம்போலத் தலையை ஆட்டிவிட்டு டீயைக் குடித்தேன். நேரில் பேசத்தான் எனக்கு வராதே! ஆனால் அந்த மனிதர் கேட்டது மனசைவிட்டுப் போகவில்லை. எப்படிப் போவது என்று சொல்லிவிடலாம். போனோமா என்றுதான் எனக்கே இன்னும் நிச்சயமாகத் தெரியவில்லை...

எனக்கும் ருக்மணிக்கும் கல்யாணமாகி ரொம்ப வருஷம் குழந்தை இல்லை. அந்த நாளில் ஒருமுறை, தோல் கட்டுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் போனேன். பெரியமேட்டுக் கிடங்கில் கட்டுகளை இறக்கிவிட்டு வெளியே வந்தால், கட்டடங்களுக்கு மேலே வானத்தில் ஒரு வெளிச்ச வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. பொருட்காட்சி ராட்டினம்! மைதானத்தைச் சுற்றிய தட்டிக்கு வெளியே நின்று அண்ணாந்து பார்த்தேன். ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு தகப்பன், மடியில் ஒரு பிள்ளை. மேலே போகும்போது பிள்ளைகள் கத்தின. கீழே வரும்போது சிரித்தன.

உள்ளே போக எனக்குக் காலே வரவில்லை. உடம்பெல்லாம் தோல் வாடை. அதுவும் போகட்டும், மடியில் உட்கார ஆள் இல்லாதவனுக்கு ராட்டினத்தில் என்ன வேலை?

பிறகு வசந்தா பிறந்தாள். அடுத்து பாபு. எனக்குத் தலை நரைக்க ஆரம்பித்த வயதில் வீட்டில் இரண்டு பிள்ளைகள்! வசந்தாவுக்கு மூன்று வயது நிரம்பியதும் திட்டம் போட ஆரம்பித்தேன்.

சின்னப் பிள்ளைகளோடு பயணம் என்றால் சும்மாவா? பாபுவுக்கு ராகி மாவு. பால் பாட்டில். அவன் தூங்குகிற நேரம் பார்த்து ரயில். தங்குவதற்குப் பெரம்பூரில் என் சகலை வீடு. டேனரிக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு. வெள்ளி காலையில் கிளம்பி, சாயங்காலம் ராட்டினம் ஏறி, சனிக்கிழமை பகலுக்குள் நான் குழிக்குத் திரும்பிவிட வேண்டும். தோல் சுண்ணாம்பில் இருக்கும்போது தினமும் புரட்ட வேண்டும். விட்டால் வெந்து கெட்டுவிடும். மேஸ்திரி அரை நாளுக்குத்தான் தலையசைத்தார். ஆகவே ஒரே ஒரு சாயங்காலம். அதைத் தவறவிட்டால் அடுத்த தை மாதம்தான்.

யார் எங்கே உட்காருவது என்பதையும் பேசி முடித்தோம். ருக்மணிக்கு உயரம் என்றால் பயம். அவள் பாபுவோடு கீழே நிற்பாள். வசந்தா என் மடியில். தொட்டி கீழே வரும்போதெல்லாம் நாங்கள் கை காட்டுவோம்.

வசந்தாவுக்குத்தான் ஒரு சந்தேகம். டேனரி வாசலில் நின்று, உள்ளே தோல் டிரம் சுற்றுவதைப் பார்த்திருக்கிறாள்.

"ராட்னத்துக்குள்ள தோலு போடுவாங்களாப்பா?"

"இல்லம்மா. மனுஷங்க உக்காருவாங்க."

"தண்ணி ஊத்துவாங்களா?"

எல்லா ஏற்பாடும் சரி. எனக்கு ஒரே கவலை வாடைதான். போன பொங்கலுக்குச் சகலை வீட்டில் ஒரு ராத்திரி தங்கினேன். காலையில் நான் தெருமுனை திரும்புவதற்குள் என் பாயை மாடியில் வெயிலில் போட்டுவிட்டார்கள். அந்தப் பாய் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. இந்தத் தடவை ராட்டினத்தில் பக்கத்தில் இருப்பவர்கள் மூக்கைப் பிடித்தால், அதை என் மகள் பார்த்தால்?

குழியில் என் ஜோடி கரீம் பாய். அவரிடம் மட்டும் சொன்னேன்.

"அரே தோஸ்த், இதுக்கா பேஜார் ஆவுறே? மொதல்ல புளியைக் கரைச்சித் தேய். சுண்ணாம்பு போய்டும். அப்பறம் எலுமிச்சம்பழம். அதுக்கு மேல பச்சப்பயறு மாவு. கடைசீல நம்ம ஊட்டு அத்தர் ரெண்டு சொட்டு. மாப்ள மாதிரி போவே!"

"அத்தர் ஜாஸ்தியாப் போய்டாதா பாய்?"

"ஜாஸ்தியானா இன்னா? ருக்மணியம்மா கோச்சிக்குவாங்களா?" என்று சொல்லி மற்ற ஆட்களையும் சிரிக்க வைத்தார்.

அந்த வாரம் முழுவதும் மேஸ்திரியைக் கெஞ்சிக் குழியைவிட்டுக் காயப்போடும் முற்றத்துக்கு மாறிக்கொண்டேன். தினமும் புளி, எலுமிச்சை. தோலே உரிந்துவிடும்போல எரிந்தது. வேலைக்குக் கட்டுகிற வேட்டி, துண்டு எல்லாவற்றையும் சோடா உப்புப் போட்டு வெளுக்கச் சொல்லி ருக்மணியிடம் கண்டிப்பாகச் சொன்னேன். "செரி, செரி" என்றாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. ரயிலில் வசந்தா ஜன்னலோரம். கரித்தூள் கண்ணில் விழுந்தும் அழவில்லை. ஸ்டேஷன் வரும்போதெல்லாம், "இங்கயா ராட்னம்?" பாபு திட்டப்படியே தூங்கினான். பெரம்பூரில் சகலையே வாசலுக்கு வந்தார். முகர்ந்து பார்த்தார்.

"இன்னா சகல... கமகமன்னு வர்றீங்க! வேலைய விட்டுட்டீங்களா?"

சிரித்தேன். எனக்குள் அவ்வளவு பெருமை! மத்தியானம் மறுபடியும் குளித்தேன், சகலையின் வாசனை சோப்புப் போட்டு. அவருடைய பவுடரைக் கழுத்தில் கொட்டிக்கொண்டேன். கரி படிந்த என் சட்டைக்குப் பதிலாக அவருடைய முழுக்கை வெள்ளைச் சட்டை. அதன்மேல் கரீம் பாயின் அத்தர். ருக்மணி என்னைப் பார்த்துவிட்டு, "கல்யாணத்தன்னிக்குக்கூட இப்டி இல்ல" என்றாள்.

பஸ்ஸில் வசந்தா என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். திட்டத்தில் இது இல்லை. பரவாயில்லை, எழுந்துவிடுவாள் என்று நினைத்தேன்.

பொருட்காட்சிக்குள் நுழைந்தால் தலைக்குமேல் விளக்குகள். ஒலிபெருக்கி அலறியது. ஜனக்கடல். பாபு பசியில் வீறிட்டான். "நீங்க வரிசைல நில்லுங்க. நான் இவனுக்குப் பாலு குடுத்துட்டு வந்துடறேன்" என்று ருக்மணி ஓரமாகப் போனாள். நான் வசந்தாவைத் தோளில் போட்டுக்கொண்டு ராட்டின வரிசையில் நின்றேன். மேலே அதே வெளிச்ச வட்டம்! இந்தத் தடவை நான் தட்டிக்கு உள்ளே. என் தோளில் என் மகள்.

வசந்தா விழித்தாள். சத்தத்தில் திடுக்கிட்டாள். பயம் வந்தால் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்வது அவள் வழக்கம். அப்படியே புதைத்தாள். ஒரு மூச்சு இழுத்தாள். சட்டென்று தலையை எடுத்துவிட்டாள்.

உதடு பிதுங்கியது.

"அப்பா கிட்ட போணும்..."

"நான்தாம்மா அப்பா."

"இல்ல! அப்பா கிட்ட போணும்! அப்பா... அப்பா..." கையை நீட்டிக் கூட்டத்தைப் பார்த்து அழ ஆரம்பித்தாள். என் பிடியிலிருந்து நழுவப் பார்த்தாள்.

முன்னால் நின்றவர் திரும்பினார். "யோவ், யாருய்யா நீ? கொழந்த யாருது?"

"எங்... எங்களுதுதாங்க. நான்தான் அப்பா."

"நீ அப்பான்னா அது ஏன்யா அப்பா கிட்ட போணும்னு அழுவுது?"

நியாயமான கேள்விதானே? சுற்றிலும் ஆட்கள் கூடிவிட்டார்கள். யாரோ "போலீஸைக் கூப்பிடு" என்றார்கள். ஒரு அம்மாள் மட்டும் நிதானமாக வசந்தாவின் கன்னத்தைத் தொட்டு, "அழாத கண்ணு. இவரு யாரு, சொல்லு?" என்றாள்.

வசந்தா அழுகையை நிறுத்திவிட்டு என் முகத்தை நன்றாகப் பார்த்தாள்.

"அப்பா மாதிரி இருக்காரு," என்றாள். "அப்பா இல்ல."

எத்தனை வருஷம் ஏங்கிப் பெற்ற பிள்ளை! போலீஸ் வந்து என்னைப் பிடித்துக்கொண்டு போயிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

நல்லவேளை, ருக்மணி ஓடிவந்தாள். "ஏங்க, இன்னா கூட்டம் இது? ...ஐய, வுடுங்க! என் ஊட்டுக்காரருதான் அவரு. கொழந்தைக்குத் தூக்கக் கலக்கம்." கூட்டம் அரைமனசோடு விலகியது. ஆனால் வசந்தா அவளிடமும் அதையேதான் சொல்லி அழுதாள். அப்பா எங்கே?

ருக்மணி என்னை ஒருமுறை முகர்ந்தாள். பையில் கையை விட்டு, பால் பாட்டிலைச் சுற்றி வைத்திருந்த துணியை உருவினாள். என் வேலைத் துண்டு! வெளுக்காத துண்டு. சுண்ணாம்பும் தோல் பதனிடும் ஆவாரம்பட்டையும் பச்சைத் தோலுமாக, கூட்டத்துக்கு நடுவில் குப்பென்று ஆம்பூர் வாடை.

"தோய்க்கச் சொன்னதுக்குச் செரி, செரின்னியே!"

"தோச்சிட்டா ரெண்டும் எதுல தூங்கும்? ஊட்டுல நீங்க குழிக்குப் போனப்பறம், அவுத்துப் போட்ட துண்டைப் போத்தித்தான் தூங்க வெக்கறேன்" என்று சொல்லி, சகலையின் வெள்ளைச் சட்டைமேல் அதைப் போட்டாள்.

வசந்தா முகத்தைப் புதைத்தாள். ஒரு மூச்சு. இரண்டு மூச்சு. "அப்பா..." என்றாள். விசும்பல் குறைந்தது. கையால் துண்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே தூங்கிப்போனாள்.

முன்னால் நின்றவர் மூக்கைத் தேய்த்துக்கொண்டே தள்ளி நின்றார். ஒரு வாரமாக எந்த மூக்குக்குப் பயந்தேனோ அதே மூக்கு. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நிற்க நல்ல இடம் கிடைத்தது, அவ்வளவுதான்.

எங்கள் முறை வந்தது. எழுப்பிப் பார்த்தேன். கண்ணைத் திறக்கவில்லை. ராட்டினக்காரர் கையை நீட்டி மறித்தார். "தூங்கற கொழந்தைய ஏத்த மாட்டேன் பெரியவரே. மேல போயி முழிச்சிதுன்னா பயந்துக்கும்."

"பாப்பாவை என் கிட்ட குடுங்க," என்றாள் ருக்மணி. "நீங்களாவது ஏறிட்டு வாங்க. எத்தினி வருஷத்து ஆச!"

நான் கொடுக்கவில்லை. தனியாக ஏறுவதென்றால் முன்னமேயே ஏறியிருப்பேனே! வரிசையைவிட்டு விலகி ராட்டினத்துக்குக் கீழே நின்றோம். மேலே போன பிள்ளைகள் கத்தின. கீழே வந்தவை சிரித்தன. வெளிச்சம் சுற்றிச் சுற்றி வசந்தாவின் கன்னத்தில் விழுந்தது. சிவப்பு, பச்சை, மறுபடி சிவப்பு. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகும்வரை நின்றிருந்தோம்.

மறுநாள் விடியலில் தூக்கத்தோடு அவளைத் தூக்கி ரயிலேற்றினோம். அரக்கோணத்தில் டீக்காரன் சத்தம் கேட்டு எழுந்தாள். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். முகமெல்லாம் சந்தோஷம்.

"ராட்னம் வந்துடிச்சாப்பா?"

ருக்மணி என்னைப் பார்த்தாள். நான் ருக்மணியைப் பார்த்தேன். வசந்தாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் நினைவிலேயே இல்லை. அழுததும் இல்லை, என்னைத் தெரியாது என்றதும் இல்லை. அவள் கணக்குப்படி நாங்கள் இன்னும் போய்க்கொண்டுதான் இருந்தோம்.

"வரும்மா," என்றேன்.

ஆம்பூர்தான் வந்தது. பிளாட்பாரத்தில் இறக்கிவிட்டதும் அண்ணாந்து நாலு பக்கமும் தேடினாள். நான் நேராகக் குழிக்குப் போய்விட்டேன்.

அதன்பிறகு இன்னொரு வெள்ளிக்கிழமை வாய்க்கவில்லை. ஒரு வாரம் பாபுவுக்குக் காய்ச்சல். ஒரு வாரம் லீவு நாளிலும் புது லோடு இறங்கியது. பொருட்காட்சியும் முடிந்துவிட்டது. தட்டிகளைப் பிரிக்கிறார்கள் என்று சகலை சொல்லி அனுப்பினார். ஆகவே, டீக்கடை நண்பரே, உங்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: பிள்ளைகளை மத்தியானமே நன்றாகத் தூங்க வைத்துவிடுங்கள். நீங்கள் எப்போதும்போல இருங்கள்.

நான் அடுத்த தைக்கு இப்போதே திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறேன். ரயில் அதேதான், வீடும் அதேதான். ஒன்றுதான் என் கையில் இல்லை. நேற்று வசந்தாவை மடியில் உட்கார வைத்தால், "எறக்கி வுடுப்பா, நானே உக்காந்துக்கறேன்" என்கிறாள்.

தை வருவதற்கு இன்னும் எத்தனையோ மாதம் இருக்கிறது. கொஞ்சம் மெதுவாக வளரம்மா என்று ஒரு பிள்ளையிடம் எப்படிச் சொல்வது?

இதை எழுதி முடித்தது: பங்குனி மாதம், இரண்டாவது வெள்ளிக்கிழமை.