மாடிக்குப் போன ரவிக்கைத் துணி

பாண்டி பஜார் பக்கத்துச் சந்தில் ஹபீபுர் ரஹ்மான் நடத்திய மேட்சிங் கடையில் சின்னப்பையனுக்கு இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். பெயர்தான் சின்னப்பையன், வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. மேஜைமேல் விரித்த புடவையைப் பார்ப்பார், திரும்புவார், முதுகுக்குப் பின்னாலிருந்த ராக்கில் முந்நூறு கலருக்கு நடுவே ஒரு ரவிக்கைத் துணியை உருவிப் போடுவார். அச்சாகப் பொருந்தும். ‘உங்க கண்ணு கேமரா’ என்பார்கள் பெண்கள். மனுஷன் அதை நம்பித் தொலைத்தார்.

தொண்ணூற்றாறில் கீழ்த்தளம் முழுக்கச் சுடிதார் வந்து, ரவிக்கைத் துணி மாடிக்குப் போயிற்று. வாடிக்கைக்காரர்கள் படி ஏற மாட்டார்கள். பட்டுப்புடவையைக் கண்ணை விட்டு அனுப்பவும் மாட்டார்கள். மற்ற ஆட்கள் முந்தானைக் குஞ்சத்தில் ஒரு நூலைக் கேட்டு வாங்கிக்கொண்டு, கலர் ஒத்துப்பார்க்க மேலே ஓடினார்கள். சின்னப்பையனுக்கு அது கௌரவக் குறைச்சல்.

“நூலு இன்னாத்துக்கு? கண்ணு கீதே” என்றார்.

ஆவணி முகூர்த்த சமயத்தில் மயிலாப்பூர் விஜயலக்ஷ்மி மகளின் கல்யாணப் புடவையோடு வந்தாள். அரக்குச் சிவப்பு. நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் படியேறினார். மேலே எண்பது சிவப்பும் அண்ணன் தம்பி மாதிரி நின்றன. எடுத்து வந்த துணி வெளிறியிருந்தது. மறுபடி பார்த்து, ஏறி, எடுத்தார், கறுத்திருந்தது. மூன்றாம் தடவை முட்டி கெஞ்சியது. இதுதான் என்று முடிவு கட்டி, மேலேயே கிழித்துக்கொண்டு வந்துவிட்டார். கிழித்த துணியை யார் வாங்குவார்கள்?

விஜயலக்ஷ்மி வாசல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். “இது வேற சிவப்பான்னா இருக்கு. உங்க கண்ணை நம்பின்னா வந்தேன்” என்று புடவையைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள்.

படியருகே நின்ற சின்னப்பையனுக்கு அப்போதுதான் உறைத்தது. ராக்கு கீழே இருந்தவரை, ஒரு துணி எடுப்பதற்குள் ஆறு தடவை கழுத்தைத் திருப்பிப் புடவையைப் பார்த்திருக்கிறார். கலர் ஒருநாளும் மனதில் தங்கியதில்லை. உழைத்தது கழுத்து, பேர் வாங்கியது கண். வெட்கம் பிடுங்கித் தின்றது.

“பாய், ராக்க கீழ எறக்கிடுங்க. பாத்துப் பாத்து எடுத்துருவேன்.”

“சுடிதார எங்க நைனா வெக்கிறது?”

“அப்ப நானும் நூலு வாங்கிக்கினு போறேன்.”

முதலாளி குரலை உயர்த்தவில்லை. “நூலோட போறதுக்குக் கால் நல்லா இருந்தா போதும். உனக்கு அதுவும் இல்லையே.”

மறுநாளிலிருந்து வாசலில் வருகிறவர்களின் பைகளை வாங்கி வைத்து டோக்கன் கொடுக்கும் வேலை. அங்கே எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. டோக்கனில் நம்பர் இருக்கிறது.