சிவப்பு ஸ்டிக்கரை யார் ஒட்டுவது?

போன வாரம் ஆயுத பூஜைக்குத் திருப்பூர் பக்கம் வீரபாண்டி போயிருந்தேன். என் சித்தப்பா மகன் செந்தில் அங்கே பனியன் கம்பெனி வைத்திருக்கிறான். மெஷின்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம் வைத்து, ஆளுக்கொரு பை பொரி கொடுத்து முடித்ததும் கலை நிகழ்ச்சி. வழக்கமாக யாராவது சினிமாப் பாட்டுக்கு ஆடுவார்கள். இந்த முறை ஸ்டாண்ட்-அப் காமெடியாம்... காலம் மாறிவிட்டது, பொரி மட்டும்தான் மாறவில்லை.

முதலில் மைக்கைப் பிடித்தது செந்திலேதான். முதலாளி காமெடி செய்தால் யார் சிரிக்காமல் இருப்பார்கள்? ஆனால் நிஜமாகவே நன்றாகச் செய்தான்.

"எங்க கொங்கு ஆளுங்களுக்குச் சண்டை போடவே வராதுங்க. 'கொஞ்சம் கன்னத்தைக் காட்டுங்க, ஒரு அறை உடோணுங்க'ன்னு கேட்டுட்டுத்தான் அடிப்போம்" என்றான். எனக்குப் பொரி புரையேறிவிட்டது.

அடுத்து வந்தவர் பிகாஷ். ஒடிசாக்காரர், செக்கிங் பிரிவில் இருக்கிறார். தைத்து வரும் பனியனில் குறை இருந்தால், அந்த இடத்தைக் காட்டி ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டுவது அவர் வேலை. குறையைச் சரிசெய்வதற்கு 'ஆல்டர்' என்று பெயர்; சரியாகிவிட்டதா என்று மறுபடி பார்ப்பது 'ரீ-செக்'. ஆல்டர் ஆகாமல் ஸ்டிக்கரை யாரும் எடுக்கக் கூடாது என்று செந்தில் சுவரிலேயே எழுதி வைத்திருக்கிறான்.

மேடைக்கு வந்த பிகாஷ் தன் வெள்ளைச் சட்டை முழுக்க அந்த ஸ்டிக்கர்களை ஒட்டியிருந்தார்! ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார்.

"எங்க ஊரு கிழக்குல இருக்குதுங்க. திருப்பூர் ஸ்டேஷன்ல இறங்குனதும் நான் வடக்கன் ஆயிட்டனுங்க. பீஸு நல்ல பீஸுதான், லேபிள் மாறிப் போச்சு."

வயிற்றுப் பக்கம் ஒன்று. "மத்தியானம் பழைய சோறு சாப்புட்டா எங்க ஆளுங்களுக்குக் கண்ணு சொருகிருமுங்க. சூப்பர்வைசர் சொல்றதுக்கெல்லாம் தலையை ஆட்டுறோம்னு நீங்க நினைச்சுக்கறீங்க. தூங்கறோமுங்க."

கூட்டம் உருண்டு சிரித்தது. அதிலும் பழைய சோற்று ஜோக்குக்கு மற்றவர்களைவிட ஒடிசாக்காரர்கள்தான் அதிகம் சிரித்தார்கள்.

என் பக்கத்து நாற்காலியில் பிகாஷின் மனைவி மினதி. அதே கம்பெனியில் பேக்கிங்கில் இருக்கிறாள். அவளுக்கு அடுத்து, ஊரிலிருந்து முதல்முறையாக வந்திருந்த அவளுடைய அப்பா. இத்தனை தூரம் அனுப்பிய மகளும் மருமகனும் எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்க வந்த மனிதர். தமிழ் ஒரு சொல்கூடத் தெரியாது. மினதி ஒவ்வொரு ஜோக்கையும் அவர் காதில் ஒடியாவில் சொல்லிக்கொண்டே இருந்தாள். எல்லோரும் சிரித்து முடித்த பிறகு அவர் தனியாகச் சிரிப்பார். மருமகனைப் பார்த்து முகமெல்லாம் பெருமை.

அப்படியே முடிந்திருக்கக் கூடாதா?

செந்தில் மறுபடி மேடை ஏறினான். கைதட்டல் கேட்டுப் பழகிய வாய் சும்மா இருக்குமா? ஒரு ஸ்டிக்கரை எடுத்து பிகாஷின் அக்குளுக்குப் பக்கத்தில் ஒட்டினான். "டேய் பிகாஷு, இதை உட்டுட்டியேடா. இவங்க குளிக்கறதே பொங்கலுக்கு ஒருக்கா, தீவாளிக்கு ஒருக்காதானுங்க."

பாதிக் கூட்டம் சிரித்தது. மீதிப் பாதி சட்டென்று அடங்கியது. பிகாஷ் மட்டும் சிரித்த முகத்தை மாற்றாமல் நின்றார். முதலாளி பக்கத்தில் நிற்கும்போது வேறு எந்த முகத்தை வைத்துக்கொள்வது?

மினதியின் அப்பா காதை அவள் பக்கம் சாய்த்துக் காத்திருந்தார். அவள் சொல்லவில்லை. அவர் மறுபடி ஏதோ கேட்டார். அவள் பொரிப் பையின் வாயை முடிச்சுப் போட ஆரம்பித்தாள்.

இரவு அவிநாசியில் என் வீட்டில் கொண்டுவந்து விட்டவன் செந்தில்தான். அந்த ஜோக்கை மினதி தன் அப்பாவுக்குச் சொல்லாமல் விட்டதைக் காரில் சொன்னேன். அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"எங்க ஆளுங்களையுந்தானுங்க்கா கிண்டல் பண்ணுனேன். அவனே அவனைச் சொல்லிக்கிட்டான்... நான் சொன்னா மட்டும் தப்புங்களா?"

"ஏஞ்சாமி, போன மாசம் உங்க ஊட்டுக்கு வந்த மதுரைக்கார நூல் ஏஜென்ட் இதே அறை ஜோக்கைச் சொன்னாரே, அப்ப எதுக்கு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டே?"

"அதெப்படிங்க்கா? எங்களைச் சொல்றதுக்கு அவரு யாரு?"

சொன்ன பிறகுதான் அது அவன் காதிலேயே விழுந்தது போல, காரின் வேகத்தைக் குறைத்தான்.

நம்மை நாமே கிண்டல் செய்யும்போது எந்தக் குறையைக் காட்டுவது, எதோடு நிறுத்துவது என்பதெல்லாம் நம் கையில் இருக்கிறது. அடுத்தவர் ஒட்டினால்? சரி, ஒட்டட்டும், நண்பர்களுக்குள் ஒட்டாததா... ஆனால் பிகாஷ் பதிலுக்கு ஒரு ஸ்டிக்கரை முதலாளி சட்டையில் ஒட்ட முடியுமா? திருப்பிக் கொடுக்க முடியாத ஆளிடம் அடிக்கும் ஜோக்கை நான் ஜோக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

லீவு முடிந்து கம்பெனி திறந்த அன்று சாயங்காலம் செந்தில் போன் செய்தான். காலையில் தன் சட்டைக் காலரில், வாயைக் காட்டுகிற மாதிரி ஒரு ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டு பிகாஷின் டேபிளுக்குப் போயிருக்கிறான். "சும்மா தமாசுக்குச் சொன்னதுடா, மனசுல வெச்சுக்காத" என்றிருக்கிறான். "பரவால்லீங்க சார்" என்று பிகாஷ் அந்த ஸ்டிக்கரை எடுக்கக் கையை நீட்டியிருக்கிறார்.

பேக்கிங் டேபிளிலிருந்து மினதியின் குரல் வந்ததாம். "ஆல்டர் ஆகாம ஸ்டிக்கரை எடுக்கக் கூடாதுங்க."

செந்திலுக்கு முகம் சிவந்துவிட்டதாம். அவளைக் கூட்டிக்கொண்டு, அவளுடைய அப்பா தங்கியிருந்த கம்பெனி ரூமுக்கே போயிருக்கிறான்.

"அன்னைக்கு நான் சொன்னதை அப்பாகிட்டச் சொல்லுங்க, அது தப்புன்னும் சொல்லுங்கன்னு சொன்னேனுங்க்கா. அந்தப் பொண்ணு சொல்லுச்சு. பெரியவரு என் காலர் ஸ்டிக்கரைத் தொட்டுப் பார்த்துட்டு ஏதோ சொன்னாரு."

"என்னவாம்?"

"ரீ-செக் பண்ணிட்டுச் சொல்றாராமுங்க, அந்தப் பொண்ணுதான் தமிழ்ல சொல்லுச்சு. ஸ்டிக்கர் இன்னும் சட்டையிலயேதான் இருக்குது."