இரண்டு ஊர், ஒரு வயிறு

என் மூத்த மகளை நான் பார்ப்பதற்கு முன்பே ஆலங்குளத்துச் சின்னம்மா பார்த்துவிட்டாள். இதைச் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வருவதில்லை. ராஜபாளையத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பகல் முழுக்க வலியில் துடித்தேன். பிள்ளையின் தலை பாதி வழியில் நின்றுகொண்டது. ஆயுதம் போட்டு இழுத்துப் பார்த்தார்கள், அதுவும் ஆகவில்லை. கடைசியில் அவசர அவசரமாக மூஞ்சியில் மூடியை வைத்து, முழு மயக்கம் கொடுத்து, வயிற்றைக் கிழித்தார்கள். கண் விழித்தபோது பக்கத்தில் பிள்ளை இல்லை. மூச்சுத் திணறல் என்று வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். அம்மா செல்போனை நீட்டி, "இந்தா பாரு, ஒம் மக" என்றாள். அதற்குள் அந்தப் படம் வாட்ஸ்அப்பில் சொந்தபந்தம் முழுக்கச் சுற்றி வந்திருந்தது. பெற்றவள் நான்தான் கடைசி ஆள்.

அதனால் இரண்டாவது தங்கியபோது எனக்கு ஒரே ஆசைதான். இந்தப் பிள்ளை வெளியே வரும்போது நான் முழித்திருக்க வேண்டும். அதன் முதல் அழுகையை என் காதால் கேட்க வேண்டும். வெளியே சொல்லக் கூச்சமாக இருந்தது. பிள்ளை உசிரோடு வந்தால் போதாதா, இதிலென்ன ஆசை வேண்டிக்கிடக்கிறது என்று யாராவது கேட்டுவிட்டால் என்ன பதில் சொல்வேன்? என் வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன். அவர் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்கூடத்தில் சூப்பர்வைசர். நாள் முழுக்க ஆஸ்பத்திரித் துணியோடு புழங்குகிற மனுசனுக்கு ஆஸ்பத்திரி வாசலை மிதித்தால் வேர்த்துக் கொட்டிவிடும். "முழிச்சிருந்தா பயமா இருக்காதா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

ராஜபாளையத்து டாக்டரம்மாவுக்குக் குழப்பமே இல்லை. "முதல்ல சிசேரியன்னா இதுவும் சிசேரியன்தான். ஒரு நல்ல நாளாப் பார்த்துட்டு வாங்க" என்றார். நல்ல நாள் என்று காதில் விழுந்ததுமே என் மாமியார் ஜோசியர் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். திரும்பி வரும்போது நட்சத்திரம், நாள், நேரம் எல்லாம் தயார். பிள்ளை கலெக்டராகும் என்றுகூடச் சொல்லியிருக்கிறார் அந்த மகராசன்.

"ஒரே கையோட குடும்பக் கட்டுப்பாட்டையும் முடிச்சிரலாம் தாயி. சுகப்பிரசவம்னா அதுக்குன்னு பொறவு தனியா ஒருக்கா வயித்தைக் கிழிக்கணும். எதுக்கு ரெண்டு வேலை?" என்றார் அத்தை.

இரண்டு பிள்ளை போதும் என்றுதான் எனக்கும் தோன்றியது. ஆனால் அந்த "ஒரே கையோட" என்பதைக் கேட்டதும் பற்றிக்கொண்டு வந்தது. என் வயிறு என்ன, கேபிள்காரன் தோண்டிப் போட்ட ரோடா? மூடுவதற்குள் தண்ணீர்க் குழாய்க்காரனும் வந்து அவன் வேலையை முடித்துக்கொண்டு போவதற்கு?

ஸ்ரீவில்லிபுத்தூரில் என் அம்மா வேறு கட்சி. "நாள் குறிச்சுப் பெறுறதுக்கு இதென்ன புதுவீட்டுப் பால்காய்ச்சா? வலி வந்து பெத்தாத்தான் ஒடம்பு தேறும். முதுகுல ஊசி போட்டா ஆயுசுக்கும் முதுகு வலிதான் ஏட்டி" என்று என்னை அங்குள்ள டாக்டரிடம் இழுத்துப்போனாள். போகிற வழியில் மடவார்வளாகத்துக் கோயிலில் நேர்ச்சை வேறு. தாய் வடிவில் வந்து பிரசவம் பார்த்த சாமி அங்கே இருக்கிறார். "எம்மா, அந்தச் சாமி நார்மல் பார்த்தாரா, சிசேரியனா?" என்று கேட்டேன். சன்னதி என்றும் பாராமல் முதுகில் ஒன்று வைத்தாள்.

இந்த டாக்டரும் பெண்தான். பொறுமையாகப் பேசினார். பழைய தையல் எப்படிப்பட்டது, முதல் பிள்ளைக்கு எத்தனை வயசு, இதன் தலை எப்படியிருக்கிறது என்று எல்லாம் பார்த்துவிட்டு, "தானா வலி வந்தா முயற்சி பண்ணலாம். நிறையப் பேருக்கு நல்லபடியா நடக்குது. பழைய தையல் விடுறது அபூர்வம். ஆனா விட்டுச்சுன்னா ரெண்டு உசுருக்கும் ஆபத்து, உடனே திறந்தாகணும். நாள் குறிச்சு ஆபரேசன் பண்றதுலயும் ரத்தப்போக்கு, புண்ணு ஆறுறதுன்னு வேற தொந்தரவு இருக்கு" என்றார்.

"முழிச்சிருப்பேனா டாக்டர்?"

"நார்மல்னா முழிச்சுத்தான் இருப்பீங்க. குறிச்ச நாள்ல ஆபரேசன்னாலும் முதுகுல ஊசிதான், முழிச்சிருப்பீங்க. நார்மலுக்குப் போயி நடுவுல அவசரமாச்சுன்னாதான் முழு மயக்கம் கொடுக்க வேண்டி வரும்."

"நீங்களே சொல்லிருங்க, எது செய்ய?"

"எது வேணும்னாலும் நான் கூட இருப்பேன். முடிவு நீங்கதான் எடுக்கணும்மா."

எனக்கு வந்த கோபத்தை என்ன சொல்ல! படித்தவர் அவர், கத்தி பிடிக்கிறவர் அவர், முடிவு மட்டும் என்னுடையதாம். ராஜபாளையத்தில் என்னைக் கேட்கவே இல்லை என்று கோபம். இங்கே என்னையே கேட்கிறார்களே என்று கோபம். எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி என்று நான் எப்படிச் சொல்வேன்?

அதன்பிறகு பஸ்தான் என் வீடு மாதிரி ஆகிவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏறும்போது நார்மல் என்று இருக்கும் மனசு, ராஜபாளையத்தில் இறங்கும்போது ஆபரேசனாகியிருக்கும். பக்கத்து சீட்டில் உட்காருகிற பெண்கள் வயிற்றைப் பார்த்ததும் ஆளுக்கொரு நாட்டாமை செய்தார்கள். ஒருத்தி, "எங்க மதினிக்கு ரெண்டாவது தானா வந்துச்சு, மூணாம் நாளு தண்ணி தூக்குனா" என்பாள். இன்னொருத்தி தையல் விட்டுப்போன யாரோ ஒருத்தியின் கதையை ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொள்வாள். முடிவைச் சொல்லாமல் இறங்கிப் போனவளை நினைத்து நான் இரண்டு நாள் சோறு சரியாகத் தின்னவில்லை.

வீட்டுக்காரரைக் கேட்டால், "நீ சொல்றதுதான்" என்பார்.

"நான் ஒண்ணும் சொல்லலையே!"

"அப்பச் சொல்லு."

"தெரியலைன்னுதான உங்களைக் கேக்கேன்?"

"எனக்கு மட்டும் தெரியுமா? போன தடவை ரத்தம் வேணும்னு அம்புட்டு ரோடும் ஓடுனேன். எனக்கு நீ வேணும், அம்புட்டுதான்" என்றவருக்குக் குரல் உடைந்துவிட்டது. நானும் அழுதேன். அழுது முடித்தும் ஒரு முடிவும் வரவில்லை.

கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். ஜோசியர் குறித்த நாள் வரைக்கும் அம்மா வீட்டில் இருப்பது. அதற்குள் தானாக வலி வந்தால் நார்மலுக்குப் பார்ப்பது. வராவிட்டால் அந்த நாளில் ஆபரேசன். எதுவானாலும் ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டரிடமே. வயிற்றுக்குள் இருப்பதே முடிவெடுத்துக்கொள்ளட்டும் என்று தள்ளிவிட்டதில் எனக்குக் கொஞ்சம் நிம்மதி. அத்தைக்குத்தான் முகம் விழுந்துவிட்டது.

குறித்த நாளுக்கு முன்னதாகவே, ஒரு காலையில், மகளுக்கு ஜடை பின்னிக்கொண்டிருந்தபோது வலி வந்தது. அம்மா மடவார்வளாகம் இருக்கும் திசைக்குக் கும்பிட்டாள். ஆஸ்பத்திரியில் வயிற்றில் பட்டை கட்டிப் பிள்ளையின் துடிப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். மத்தியானம் வரை எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. பிறகு டாக்டர் துடிப்பு பதிவாகிற தாளை நின்று பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"வலி வரும்போது துடிப்பு கொஞ்சம் இறங்குது, திரும்ப ஏறிடுது. இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாம், தப்பில்லை. இப்பவே எடுக்கிறதுன்னாலும் எடுக்கலாம். இப்பன்னா நிதானமா, முதுகுல ஊசி போட்டு. காத்திருந்து அவசரமாச்சுன்னா, போன தடவை மாதிரிதான்."

ஒரு பக்கம் அம்மா, "செத்த பொறுத்துக்கோ ஏட்டி, வந்துரும்" என்கிறாள். மறுபக்கம் ராஜபாளையத்திலிருந்து ஓடிவந்த அத்தை, "எடுக்கச் சொல்லு தாயி" என்கிறார். அடக் கடவுளே, முடிவைத் தன் கையில் எடுத்துக்கொள்ளும் என்று நான் நம்பியிருந்த பிள்ளையும் என்னிடமே திருப்பித் தந்துவிட்டதே! "எல்லாரும் வெளிய போங்க" என்று கத்தினேன். போனார்கள். அடுத்த வலி வந்தது. துடிப்பின் சத்தம் மெதுவானது. எனக்கு அன்றைக்கு மூஞ்சியில் வைத்த அந்த மூடி ஞாபகம் வந்தது, கண்ணாடிப் பெட்டி ஞாபகம் வந்தது.

"எடுத்துருங்க" என்றேன். தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போகும்போதே, வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று இருந்தது.

முதுகில் ஊசி. நெஞ்சுக்கு மேல் பச்சைத் துணித் திரை. வலியில்லை. உள்ளே யாரோ சாமான் தேடுவது போல ஒரு இழுப்பு. பிறகு, திரைக்கு அந்தப்பக்கம், ஒரு அழுகை. என்ன கோபம் அந்த அழுகையில்! எனக்குப் பிறந்தது என்பதில் சந்தேகமே இல்லை. நர்ஸ் பிள்ளையைத் தூக்கிக் காட்டி, "என்ன பிள்ளைன்னு பார்த்துச் சொல்லுங்க" என்றார். நான் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று தடவை கேட்ட பிறகுதான், "பொம்பளப் பிள்ளை" என்று வாயில் வந்தது. கன்னத்தோடு கன்னம் வைத்துக் காட்டினார்கள். ஈரமாக, சூடாக இருந்தது. நானும் அவளும் சேர்ந்து அழுதோம்.

கொஞ்ச நேரம் கழித்து, "இன்னும் பொறுத்திருந்தா தானா வந்திருப்பாளா டாக்டர்?" என்று கேட்டேன்.

"வந்திருக்கலாம். வராமலும் போயிருக்கலாம்" என்றார், திரைக்கு அந்தப்பக்கமிருந்து. "தைக்கிறதுக்கு முன்னாடி சொல்லுங்க. குடும்பக் கட்டுப்பாடு பண்ணிரவா? கையெழுத்து வாங்கும்போது கேட்டதுக்கு அப்புறம் சொல்றேன்னீங்களே."

"நாளைக்குச் சொல்லட்டுமா?"

தியேட்டரில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மயக்க டாக்டர்கூடச் சிரித்தார்.

"நாளைக்கு வயிறு திறந்திருக்காதும்மா."

"அப்பத் தைச்சிருங்க" என்றேன்.