அக்னியாவும் அவள் சீமாட்டிக் கணுக்காலும்

பல் துலக்கும்போது அக்னியா வலது காலில் மட்டும்தான் நிற்பாள், அதுவும் கண்ணை இறுக மூடிக்கொண்டு. அம்மா குளியலறைக் கதவைத் தட்டுவாள். "உள்ள பல்லு தேய்க்கிறியா, தவம் பண்றியாடி?" நுரை வழியப் பதில் வரும்: "பேச்சுக் குடுக்காதம்மா, விழுந்துடுவேன்!" சொல்லி வாய் மூடுவதற்குள் சோப்பு டப்பா உருளும் சத்தம் கேட்கும்.

ரஷ்யாவின் பெர்ம் நகரத்துப் பெண், பத்தொன்பது வயது. நடக்கப் பழகிய கையோடு, பனித்தரையில் சறுக்கி ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங். போன வசந்தத்தில் தாவி, காற்றில் மூன்று சுற்றுச் சுற்றி இறங்கியபோது வலது கணுக்கால் ஜவ்வு கிழிந்தது. பாரத்தையெல்லாம் தாங்கிய இடது முட்டி சும்மா இருக்குமா? அதுவும் வீங்கிக்கொண்டது. கணுக்காலுக்குச் சீமாட்டி, முட்டிக்குப் பொறாமைக்காரி என்று பெயர் வைத்துவிட்டாள். "சீமாட்டிய நாலு பேரு தடவிக் குடுத்தாங்கல்ல, இவளுக்குப் பொறுக்கல!"

பொறாமைக்காரிக்கு ஒத்தடம் ஃப்ரிட்ஜில் உறைந்த பெல்மெனிப் பொட்டலம். மாவுக்குள் கறி வைத்த அந்த உருண்டைகள் சாயங்காலம் முட்டியில் கிடக்கும், ராத்திரி கொதிநீரில் குதிக்கும். "இன்னைக்கும் முட்டிச் சமையலா?" என்று அப்பா முகம் சுளிப்பார். முதலில் தட்டை நீட்டுவதும் அவர்தான்.

டிராமில் உட்கார்ந்தால் பாதத்தால் காற்றில் எழுத்து எழுத வேண்டும், ஒற்றைக் காலில் பல் துலக்குவதைப்போல இதுவும் டாக்டர் கட்டளை. வெறும் எழுத்து வரிசை இவளுக்குப் போதுமா? கூடச் சறுக்கும் தியோமாவை முழு வாக்கியத்தில் திட்டி எழுதுவாள்.

"என்னத்த எழுதுற?"

"நீ ஒரு கழுதைன்னு."

"கோணக்கோணலா இருக்கே."

"கணுக்கால் முழுசா வளையட்டும், அழகா எழுதித் தரேன்."

வளைந்துவிட்டது. தாவலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பயிற்சியாளர் இன்னா கரீமொவ்னா லேசில் நம்புகிறவர் இல்லை. அடிபட்டவர்கள் வலது காலில் இறங்கிய மறுநொடியே பயந்து இடதையும் ஊன்றுவதை எத்தனையோ பேரிடம் பார்த்தவர். "ஜவ்வு ஒட்டிடுச்சு, சரி. பயம் போச்சான்னு நான் பாக்கணும். ஒரே ஒரு சுத்து. ஒத்தக் கால்ல இறங்கி நில்லு. நின்னா தகுதிப் போட்டிக்குப் பேரு குடுக்கறேன். இடது கால் கீழ பட்டுச்சோ, இந்த வருஷத்த மறந்துடு."

இந்தப் பெண்ணை என்ன சொல்லித் திட்டுவது! ஆசை தலைக்கேறி, சறுக்குக் காலணியின் பிளேடுகளுக்கு மாட்டிய பிளாஸ்டிக் உறைகளைக் கழற்றாமலே பனித்தரையில் காலை வைத்தாள். இரண்டு கால்களும் வானத்தைப் பார்க்க, பொத்தென்று உட்கார்ந்தாள். தியோமாவின் முகம் வெளுத்துப்போனது. அக்னியா மெல்லக் கணுக்காலைத் தடவினாள், சுழற்றினாள், பிறகு இரண்டு கைகளையும் உயர்த்தினாள்.

"சீமாட்டி சௌக்கியம்! பின்பக்கம்தான் போச்சு!"

"உறையக் கழட்டுடி, அறிவு கெட்டவளே!" கரீமொவ்னாவின் குரல் கூரையில் மோதியது. "போதும், வீட்டுக்குப் போ. இன்னைக்கு நேரம் சரியில்ல."

"ஒண்ணே ஒண்ணு, இன்னா கரீமொவ்னா! தரைய ஏற்கனவே தொட்டுட்டேன், இனிமே என்ன பயம்?"

தியோமா வாய்விட்டுச் சிரித்தான். சிரிக்கக் கூடாது என்று நினைத்த கரீமொவ்னாவின் உதடும் துடித்தது. கையை அசைத்தார்: போய்த் தொலை.

சிரித்துக்கொண்டே வேகமெடுத்தாள். இடது காலைப் பின்னுக்கு வளைத்தபோது சிரிப்பு நின்றது. பயமாகத்தான் இருந்தது. எழும்பினாள், சுற்றினாள், வலது காலில் இறங்கினாள். கணுக்கால் நடுங்கியது, மடங்கவில்லை. இடது கால் பின்னால் நீண்டு நின்றது.

ஒரு நொடி அப்படி நின்றால் போதும். இவளோ பின்வாக்கில் வழுக்கிக்கொண்டே போனாள். கரீமொவ்னாவைத் தாண்டிப் போனாள். "பாத்துட்டேன், பேரு குடுத்தாச்சு, காலக் கீழ வை!" என்று அவர் கத்தினார். வேகம் தேய்ந்து தேய்ந்து, சுற்றுப் பலகையில் முதுகு மெதுவாய் உராய்ந்து நின்றாள். கைகளால் பலகையைப் பிடித்துக்கொண்டு, கண்ணீரும் சிரிப்புமாகத் தலையை ஆட்டினாள், மாட்டேன் என்று. இடது காலை அப்போதும் கீழே வைக்கவில்லை.