மதினியின் பெட்டியில் நான் ஒளித்த கேக்

என் அண்ணன் மனைவியின் வாழ்வைக் கெடுத்தவள் நான். ஒரு கேக்கைத் தின்றுவிட்டு, வாய் திறவாமல் இருந்தே கெடுத்தேன்.

சிரிக்கிறீர்களா? முழுவதும் கேளுங்கள்.

மதுரையில் எங்களுடையது முட்டையின் பெயரைக்கூடச் சொல்லாத சைவ வீடு. நான் ஆசிரியைப் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தேன். யுத்தத்துக்கு முந்தின வருஷம், கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முதல் நாள், எங்கள் தலைமையாசிரியையான வெள்ளைக்காரத் துரைசானி ஆளுக்கு இரண்டு கப் கேக் கொடுத்தாள். சுருக்கம் வைத்த காகிதக் கிண்ணத்துக்குள் உள்ளங்கை அளவு கேக். முட்டை சேர்ந்தது என்று தெரிந்தேதான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

உள்ளறையில் நின்று தின்றேன். ருசியாக இருந்தது... அதையும் மறைப்பானேன்?

இரண்டாவதைப் பாதி தின்றபோது அம்மாவின் காலடி கேட்டது. பக்கத்தில் செல்லம்மா மதினியின் துணிப்பெட்டி திறந்திருந்தது. காகிதங்களையும் மிச்சத்தையும் சேலைகளுக்கடியில் செருகினேன். பிறகு எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அன்று முழுவதும் அந்த அறையில் ஆள் இருந்தது.

மறுநாள் காலையில் எறும்புச் சாரை அம்மாவைப் பெட்டிக்குக் கூட்டிப்போனது.

"இது என்ன செல்லம்மா?"

"எனக்குத் தெரியாது அத்தை."

"தெரியாமத்தான் உன் பெட்டிக்குள்ள இம்புட்டு எறும்பா?"

மதினி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் படிப்பு நின்றுவிடும்... அந்த ஒரு பயம்தான் எனக்கு.

மூன்று வருஷமாகப் பிள்ளையில்லை என்று மருமகள்மேல் குறைபட்டுக்கொண்டிருந்த அம்மாவுக்கு, முட்டைப் பண்டத்தை ஒளித்துத் தின்றாள் என்ற இந்தப் பழி போதுமானதாயிருந்தது. அண்ணன் எதிர்த்துப் பேசவில்லை. "நாலு நாள் இருந்துட்டு வா" என்று திருமங்கலத்துக்கு, அவள் பிறந்த வீட்டுக்கு, பஸ் ஏற்றிவிட்டார். திரும்ப அழைக்கவே இல்லை. ஒரு வருஷம் கழித்து, தை மாதத்தில் அவருக்கு வேறு பெண் கட்டினார்கள். அந்தக் கல்யாணத்தில் நான் பந்தி பரிமாறினேன்!

ஐந்து வருஷம் கழித்து, வேலை மாற்றலில் திருமங்கலம் போனபோது கடைத்தெருவில் அவளைக் கண்டேன். மெலிந்திருந்தாள்.

"மதினி..." என்றேன்.

"வாத்தியாரம்மா ஆயிட்டியாமே, பர்வதம். சொன்னாங்க."

அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்ல ஆரம்பித்தேன். அவள் கையமர்த்தினாள்.

"தெரியும். அதுக்கு முந்தின நாளே உன் வாயோரத்துல துணுக்கு ஒட்டியிருந்ததப் பாத்தேன்."

"அப்ப ஏன் சொல்லல?"

"நான் சொன்னா யாரு நம்புவா? நீ சொல்லுவேன்னு இருந்தேன். பஸ் ஏறுற வரைக்கும் இருந்தேன்." காய்கறிப் பையை எடுத்துக்கொண்டாள். "நேரமாச்சு. எங்க அண்ணன் பிள்ளைக பசியோட வரும். போறேன்."

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அம்மா, செல்லம்மாவைத் திட்டியபடியே போன வருஷம் கண்மூடினாள். அப்போதும் நான் சொல்லவில்லை.

நேற்று அண்ணன் என் வீட்டுக்கு வந்திருந்தார். சாப்பிட்டார். வெற்றிலை போட்டுக்கொண்டார். "ஏன் ஒரு மாதிரியா இருக்க?" என்று கேட்டார்.

"தலைவலிண்ணே" என்றேன்.