ரோல் போர்டு ஆரோக்கியம் அண்ணன்

ஆரோக்கியம் அண்ணன் போய்விட்டார். இன்று மதியம். மரக்காணத்தில், அவர் வீட்டில், அவர் கட்டிலில்.

கேட்டதும் "அப்பாடா" என்றுதான் எனக்கு வாயில் வந்தது. திட்டாதீர்கள்... காரணம் இருக்கிறது.

எழுபதுகளில் உப்பளத்து ஆபீஸில் அவர் கிளார்க், நான் டைப்பிஸ்ட். அவருக்கு ஒரு பைத்தியம். சென்னை டவுன் பஸ்ஸின் நெற்றியில், கண்ணாடிக்குப் பின்னால் ஊர்ப்பெயர் சுற்றுமே, அந்த ரோல் போர்டு... நீளமான கருப்புத் துணி, வெள்ளை எழுத்து. அதைச் சேர்ப்பார்.

கழித்துப்போட்ட ரோல் ஒன்று புதுப்பேட்டை பழைய சாமான் கடைக்கு வந்திருக்கிறது என்று காதில் விழுந்தால் போதும், பஸ் ஏறிவிடுவார். ஆபீஸுக்கு லீவு லெட்டர் கிடையாது. வீட்டுக்கும் தகவல் கிடையாது.

"இந்த மனுஷன் எந்த ரோட்டுல அடிபட்டு அனாதையா கெடக்கப் போவுதோ... எனக்கு சேதிகூட வராதுடி." அவர் மனைவி லூர்து அக்கா என்னிடம் இதைச் சொல்லிப் புலம்பாத வாரமே கிடையாது.

ஒரு ஐப்பசியில் பேய்மழை. முந்தின நாள் போன அண்ணன் திரும்பவில்லை. பஸ் எல்லாம் நின்றுவிட்டது. அக்கா நனைந்துகொண்டே பஸ் ஸ்டாண்டுக்கும் வீட்டுக்கும் நடக்கிறார்.

சாயங்காலம் மழை விட்டதும் உப்பளத்துப் பெண்கள் ஓடிவந்தார்கள். "யக்கா... ஒங்க உப்புக் குவியல் மேல யாரோ கருப்புத் துணி போத்திக் கெடக்குறாங்க. காலு மட்டும் தெரியுது. ஆடல, அசையல."

அக்கா குத்தகைக்கு எடுத்திருந்த பாத்தியின் உப்பு அது. லாரி வரும்வரை பனையோலை போட்டு மூடி வைத்திருந்தார்.

ஓடினோம். ஓலையெல்லாம் காற்றோடு போயிருந்தது. குவியலைச் சுற்றிச் சுற்றி ரோல் போர்டு. அடையாறு, மயிலாப்பூர், பாரிமுனை... உச்சியில் துணிக்கு அடியில் குப்புறக் கிடந்தார் அண்ணன்.

"ஐயோ, என்ன உட்டுட்டுப் போயிட்டியே!" அக்கா மார்பில் அடித்துக்கொண்டு அவர்மேல் விழுந்தார். பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள். நானும்தான்.

பிணம் தலையைத் தூக்கியது. "ஏய்... மெதுவாடி! பெரம்பூர் கிழிஞ்சிடப் போவுது!"

பஸ் பாதி வழியில் நின்றுவிட, மழையிலேயே நடந்து வந்திருக்கிறார். ஓலை பறப்பதைப் பார்த்ததும் புது ரோலைப் பிரித்து உப்பைச் சுற்றி, அது பறக்காமலிருக்க நுனியைப் போர்த்திக்கொண்டு மேலே படுத்து... அசதியில் தூங்கிவிட்டார்!

அக்கா அழுதுகொண்டே அடித்தார். அடித்துக்கொண்டே அழுதார். நான் புடவையோடு சேற்றில் உட்கார்ந்து சிரித்தேன். போன உயிர் எனக்கே திரும்பி வந்த மாதிரி இருந்தது.

அதன்பிறகு அக்கா ஒரு சட்டம் போட்டார். வாசல் சுவரில் ஒரு ரோலை மாட்டி, போகிற ஊரைத் திருப்பி வைத்துவிட்டுத்தான் அண்ணன் படி இறங்கவேண்டும். துணியில் இருப்பதெல்லாம் சென்னை ஏரியாக்கள், கடைசியில் ஒரு "ஸ்பெஷல்". அதனால் பக்கத்து அனுமந்தைக்கு மீன் வாங்கப் போனாலும் மனுஷன் "ஸ்பெஷல்" என்று திருப்பி வைப்பார்.

"அனுமந்தைக்கு இன்னாய்யா ஸ்பெஷலு?"

"வஞ்சிரம் வாங்கியாந்தா தெரியும், இரு."

எண்பதைத் தாண்டியும் அடங்கவில்லை. கண் மங்கல், முட்டி வலி... ஆனாலும் போன மாதம்கூட புதுப்பேட்டை. அன்று முழுக்க அக்கா வாசலிலேயே உட்கார்ந்திருந்தாராம்.

இன்று அக்காவேதான் போன் செய்தார். "போயிட்டாருடி" என்றார். "எங்கேக்கா?" என்று மட்டும் கேட்டேன்.

"வூட்லதான்டி. கஞ்சி குடிச்சாரு. என் கையப் புடிச்சிக்கினே கண்ண மூடிட்டாரு... இனிமே பஸ் சத்தம் கேட்டா எழுந்து வாசலப் பாக்க வாணாம்."

நாளை அடக்கம். விடிந்ததும் கிளம்புகிறேன்.

தூங்குங்கண்ணே... அக்கா பக்கத்துலயேதான் இருக்காங்க.